ஈயக் குண்டா, செம்புக் குண்டா?

காரைக்குடி வீட்டில் ஐயாவின் துப்பாக்கி தொங்கிய ஆணி மட்டும் மிச்சம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்தபின் இங்கே வேட்டைக்கு இடமில்லை. அமெரிக்காவில் உரிமத்தோடு எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போகும் அக்காள் மகன் தோட்டாவைத் தானே கட்டுகிறான். எந்தக் குண்டு வாங்கலாம் என்று என்னைக் கேட்டான்.

விலை: ஈயம் மலிவு. செம்பு கூடுதல்.

ஊடுருவல்: சாதாரண ஈயக் குண்டு தடித்த எலும்பில் பட்டால் சிதறும், செம்பு உறையோடு ஈயத்தைப் பிணைத்த வகை தாங்கும். செம்பு பூவிதழ்போல் விரியும், எடை அநேகமாகக் குறையாது. அவன் அனுப்பிய படத்தில் நான்கு இதழும் முறியாமல் இருந்தன.

இறைச்சி: எனக்கு இதுதான் பெரிது. ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் காயத்தைத் தாண்டியும் பரவுகிறது. அந்தக் கறியைத்தான் குழந்தைகளுக்குச் சமைக்கிறோம். விட்டுவந்த குடலைக் கழுகு தின்கிறது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தைத் தடைசெய்துவிட்டது.

கட்டுதல்: ஈயம் எளிது. செம்பு அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு நீளம் கூடும், தோட்டாக் கூட்டுக்குள் வெடிமருந்தின் இடத்தைப் பிடிக்கும். ஈயக் குண்டுக்குப் போட்ட மருந்தளவை இதற்குப் போடவே கூடாது. அந்தக் குண்டுக்கென்று தயாரிப்பாளர் தந்த அட்டவணையில் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

இலக்குப் பலகையில் பழக ஈயம் போதும். குண்டைச் சுழற்றும் உள்வரிகள் மெதுவான முறுக்கில் உள்ள பழைய குழலென்றால் நீளமான குண்டு நிலையாகப் பறக்காது; அதற்குப் பிணைத்த ஈயம், அல்லது எடை குறைந்த செம்பு. எல்க் கறி வீட்டுக்கு வருமானால் செம்புதான் வாங்கு என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.