ஃபாஃபர்ட், கிரே மவுசர்: எந்தக் கதையில் தொடங்கலாம்?

அமெரிக்க மிகைபுனைவு எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபர் படைத்த வாள்வீரத் திருடர்கள் ஃபாஃபர்ட், கிரே மவுசர். இவர்களின் கதைகளுக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, 1939இல் ‘அன்னோன்’ இதழில் முதலில் அச்சேறிய கதை. பின்னாளில் ‘காட்டிலுள்ள ரத்தினங்கள்’ என்று பெயர் மாறியது. மற்றொன்று, 1970இல் வந்த ‘இல் மெட் இன் லாங்க்மர்’; லாங்க்மர் என்பது லைபரின் கற்பனை நகரம். எழுதப்பட்டது பிந்தி என்றாலும், இருவரும் கூட்டாளிகளாவதைச் சொல்வது இதுதான். அறிவியல் புனைவு, மிகைபுனைவு எழுத்துக்கான ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளும் பெற்றது.

நிகழ்ச்சி வரிசைப்படி படிப்பவர்கள் இவ்விரண்டில் லாங்க்மர் கதையையே முதலில் எடுப்பார்கள். அதன் தொடக்கம் அபாரம்: திருடர் சங்கத்து ஆட்கள் இருவர் களவாடிய ரத்தினங்களோடு சந்துக்குள் வருகிறார்கள், அவர்களை மடக்க இருபுறமும் தனித்தனியே பதுங்கியிருந்தவர்கள்தான் நம் நாயகர்கள்! அந்த மோதலிலேயே நட்பு பிறந்துவிடுகிறது. ஆனால் இரவு முடிவதற்குள் கதை மிகக் கொடிய இழப்பில் போய் விழுகிறது. அவர்களோடு பழகியிராத வாசகருக்கு அந்த அடி முழுமையாக உறைக்காது.

ஆகவே என் தேர்வு 1939ஆம் ஆண்டுக் கதை. ஒரு பழைய ஓலை, காட்டுக்குள் பாழடைந்த கட்டடம், உள்ளே புதையல். காவலுக்கு மனிதனோ விலங்கோ இல்லை என்று ஓலை உறுதி சொல்கிறது. தரையிலோ நொறுங்கிய எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. கொன்றது எது என்ற கேள்வியை லைபர் இறுக்கிக்கொண்டே போகும் விதம் இன்றும் நடுங்க வைக்கிறது. நெடிய வடபுலத்து வீரன் ஃபாஃபர்டும் குள்ளமான நகரத்துக் கள்வன் கிரே மவுசரும் ஒருவரையொருவர் சீண்டியபடியே உயிரைப் பணயம் வைப்பதை இங்கே ரசித்துவிட்டு, பிறகு லாங்க்மருக்குப் போங்கள்.