யாழா, நிலாவா? பெண் குழந்தைக்கு இரண்டு சின்னப் பெயர்கள்

சின்னதாக, தமிழாக ஒரு பெயர் தேடுபவர்கள் பலர் கடைசியில் இந்த இரண்டில் வந்து நிற்கிறார்கள்.

பொருள், வேர்: யாழ் பழந்தமிழரின் நரம்பிசைக் கருவி. பாணர் கையில் சீறியாழ், பேரியாழ் என்று சங்கப் பாடல்கள் முழுக்க வரும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் கானல்வரி பாடுவது யாழோடுதான். ஒரே அசையில் இவ்வளவு வரலாறு அடங்கிய பெயர் அரிது. நிலாவும் சங்ககாலச் சொல்தான்; பாரி மகளிர் பாடிய புறநானூறு 112இல் அந்த வெண்ணிலவு இருக்கிறது.

கூப்பிட: நிலா நெடிலில் முடிவதால் வாசலில் நின்று நீட்டிக் கூப்பிடலாம். யாழ் மெய்யில் முடிவதால் வீட்டில் "யாழு" ஆகிவிடும். அதுவும் அழகுதான்.

வெளியூரில்: இங்கேதான் பெரிய வித்தியாசம். ழகரம் பழகாதவர்கள் யாழை "யாஷ்" ஆக்குவார்கள். வடக்கே அது ஆண் பெயர். நிலா அதிகம் போனால் "நீலா" ஆகும். கேரளத்தில் பாரதப்புழை ஆற்றையே நிளா என்பதால் அங்கே நெருக்கமாக ஒலிக்கும்.

தனித்தன்மை: நிலா இப்போது நிறைய வீடுகளில் இருக்கிறாள். யாழ் குறைவு.

வெளிநாட்டில் வளரப்போகும் பிள்ளைக்கு நிலா. தமிழ்ச் சூழலில் வளர்பவளுக்கு நான் யாழ்தான் சொல்வேன். நீளம் வேண்டுமென்றால் யாழினி. இன்னும் முடிவாகவில்லையா? சரி, பிறப்பை மட்டும் 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.