உதடு வீக்கத்துக்கு ஊசியா, பட்டை இல்லாத சாப்பாடா?

என் மகளுக்கு மேலுதடு வீங்கத் தொடங்கியபோது வயது 14. காலையில் பார்த்தால் உதடு நடுவில் வெடித்து ரத்தம் கசிந்திருக்கும்; முன்பல்லுக்கு மேலே ஈறு செக்கச்செவேல் என்று தடித்திருக்கும். தண்டையார்பேட்டையில் ஒரு கிளினிக்கில் அலர்ஜி என்று ஐந்து மாதம் மாத்திரை கொடுத்தார்கள், இறங்கவே இல்லை. அப்புறம் கோட்டை ஸ்டேஷன் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் உதட்டின் உள்பக்கம் துளி சதை எடுத்துப் பார்த்துத்தான் பெயர் சொன்னார்கள்: ஓரோஃபேஷியல் கிரானுலோமடோசிஸ், அதாவது உதடும் வாயும் நாள்பட்டு வீங்கும் ஒரு அழற்சி நோய். அந்தச் சதைப் பரிசோதனையில் கிரானுலோமா (நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு) தெரிந்தால் டிபி இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும், மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். கிரோன்ஸ் என்ற குடல் நோய் சிலருக்கு வாயில்தான் முதலில் தலைகாட்டும் என்பதால் மலப் பரிசோதனையும் நடந்தது.

ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டை உதட்டிலேயே ஊசியாகப் போடலாம். வேகம் என்றால் அதுதான், இரண்டு வாரத்தில் வீக்கம் பாதி இறங்கியது. ஐந்தாம் மாதம் திரும்ப வந்துவிட்டது, ஈறும் மாறவில்லை. நாங்கள் ஒரு தடவைதான் போட்டோம். திரும்பத் திரும்பப் போட்டு நன்றாக இருப்பவர்களும் இருக்கலாம். சாப்பிடவே முடியாத அளவு வீங்கியிருந்தால் நானும் ஊசியைத்தான் முதலில் கேட்பேன்.

ஆனால் நான் சாப்பாட்டுப் பக்கம். பட்டையும், சாப்பாடு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சோயேட்டும் இல்லாமல் 8 வாரம் சாப்பிட்ட 32 பேரில் பெரும்பாலோருக்கு வீக்கம் குறைந்ததை லண்டன் மருத்துவர்கள் 2006-ல் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் கேட்காது, டயட்டீஷியனிடம் கேட்டு மூன்று மாதம் பார்க்க வேண்டும்.

கஷ்டம் எல்லாம் அதைத் தினமும் காப்பாற்றுவதில்தான். வீட்டுச் சமையல் சுலபம், பட்டை போடாமல் குருமா வைத்தால் முடிந்தது, கடை மசாலாத்தூளை நிறுத்திவிட்டு நானே அரைக்கிறேன். சாஸ், பாட்டில் ஊறுகாய், கலர் சோடா எதுவானாலும் பொடி எழுத்தில் 211 என்ற எண் (சோடியம் பென்சோயேட்டின் குறியீடு) இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்குவது. பற்பசையிலும் பட்டை வாசனை வேண்டாம். ராயபுரத்தில் சொந்தக்காரர் கல்யாணம், பந்தி முழுக்கப் பிரியாணி, பிள்ளை மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டது; எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பத்து மாதமாகிறது, ஈறு இளஞ்சிவப்புக்குத் திரும்பிவிட்டது. நடுவில் ஒரு நாள் தோழிகளோடு தள்ளுவண்டியில் சாஸ் ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை கண்ணாடி முன்னால் நின்று, "அம்மா, திரும்ப வருது" என்றாள்.