கேம் பொருளை நிஜப் பணத்துக்கு விற்பது: எந்த வழியில் எவ்வளவு கைக்கு வரும், எது கையைச் சுடும்?

ஆன்லைன் கேமில் கிடைத்த வாளையோ கவசத்தையோ நிஜப் பணத்துக்கு விற்பது இன்று நேற்று தொடங்கிய பழக்கம் இல்லை. எவர்குவெஸ்ட் என்ற ஆன்லைன் கேமின் காலத்திலேயே ஈபே ஏலத் தளத்தில் இதற்குச் சந்தை களைகட்டியது. 2001-இல் பொருளாதாரப் பேராசிரியர் எட்வர்ட் காஸ்ட்ரனோவா அந்த ஏல விலைகளை வைத்துக் கணக்குப் போட்டு, அந்தக் கற்பனை உலகத்தின் தலா உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் நிற்கிறது என்று எழுதினார். 2007 ஜனவரியில் ஈபே இந்த விற்பனைகளைத் தன் தளத்திலிருந்து நீக்கியது. வியாபாரம் நிற்கவில்லை, வேறு இடம் பார்த்துக்கொண்டது.

இன்றைக்கு வாங்கவும் விற்கவும் இருக்கும் வழிகளை எப்படி ஒப்பிடுவது? விலை, வேகம், வசதி என்று பல அளவுகோல்கள் உண்டு. எனக்கு இரண்டுதான் முக்கியமாகப் படுகின்றன. கேமுக்குள் போன பணம் மறுபடி வெளியே வருமா? ஏதாவது தப்பு நடந்தால் நஷ்டம் யார் தலையில் விழும்? பணம் வெளியே வர வழி அகலமாக அகலமாகத் திருடர்களும் பாட்களும் (ஆளில்லாமல் தானாகக் கேமை ஓட்டும் நிரல்கள்) அதே வழியில் உள்ளே வருகிறார்கள். கீழே பார்க்கப்போகும் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

முதலில் கள்ளச் சந்தை

கம்பெனியின் விதிகளுக்கு வெளியே, தனி இணையதளம் வழியாகவோ நேரடியாகவோ நடக்கும் விற்பனை இது. விற்பவருக்குக் கைக்கு வரும் தொகை பெரும்பாலும் இதில்தான் அதிகம். வாங்குபவருக்கும் மலிவு. மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. விற்பனைக்கு வரும் கோல்டில், அதாவது கேமுக்குள் புழங்கும் பணத்தில், ஒரு பங்கு பாட்கள் இரவும் பகலும் ஓட்டிச் சேர்த்தது, இன்னொரு பங்கு யாருடைய அக்கவுண்டையோ உடைத்து எடுத்தது. திருட்டு கிரெடிட் கார்டும் இதில் கலந்திருக்கும். ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமை நடத்தும் ஜாஜெக்ஸ் இந்தத் தொல்லை தாங்காமல் 2007 டிசம்பரில் தொடங்கி, வீரர்கள் ஒருவருக்கொருவர் பொருளை இஷ்டப்படி கைமாற்றுவதையே முடக்கியது. நண்பனுக்கு ஒரு நல்ல வாளைச் சும்மா கொடுக்கக்கூட வழியில்லை. விளையாட்டின் உயிரே போய்விட்டது என்று வீரர்கள் கொதித்தார்கள். வாக்கெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில் பழைய முறையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

தப்பு நடந்தால்? வாங்கியவருக்கு அக்கவுண்ட் பேன் ஆகும், அதாவது கம்பெனி அதை முடக்கிவிடும். விற்றவருக்கு இன்னொரு ஆபத்து: பொருளை வாங்கிக்கொண்டவர் தன் வங்கியிடம் போய் ‘இந்தப் பணத்தை நான் கட்டவில்லை’ என்று சொல்லித் தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பணமும் போச்சு, பொருளும் போச்சு. கம்பெனியிடம் முறையிடவும் முடியாது, முறையிடுவதே விதியை மீறியதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சட்டம் கைகொடுக்குமா என்றால், அபூர்வமாக. நெதர்லாந்தில் ஒரு 13 வயதுச் சிறுவனை இரண்டு பேர் அடித்து, கத்தியைக் காட்டி, அவனுடைய ரூன்ஸ்கேப் தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். அதற்காக அவன் செலவிட்ட நேரத்துக்கும் உழைப்புக்கும் மதிப்பு உண்டு, ஆகவே இது திருட்டுத்தான் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் கேமில் சேரும்போது நாம் படிக்காமல் ‘சம்மதம்’ கொடுக்கும் ஒப்பந்தங்களில் அநேகமாக எல்லாமே ‘பொருள் உன்னுடையதல்ல, பயன்படுத்திக்கொள்ள மட்டும் அனுமதி’ என்றுதான் சொல்கின்றன. கத்தியைக் காட்டிப் பிடுங்கியவனுக்கு எதிராக உங்களுக்குச் சட்டம் இருக்கலாம். பேன் செய்த கம்பெனிக்கு எதிராக அது உதவும் என்று நம்பி இறங்கக்கூடாது.

கம்பெனியே கடை விரித்தால்

எப்படியும் விற்கத்தான் போகிறார்கள், நாமே பாதுகாப்பாக நடத்தினால் என்ன? இந்த யோசனையைப் பெரிய அளவில் செய்துபார்த்தது பிளிஸார்ட் என்ற கேம் கம்பெனி. அதன் டயாப்லோ 3 கேம் வெளிவந்த அடுத்த மாதமே, 2012 ஜூனில், நிஜப் பண ஏலச் சந்தையைத் திறந்தார்கள். ஆயுதமோ கவசமோ விற்றால் ஒரு டாலர் கட்டணம். விற்ற காசைப் பேபாலுக்கு மாற்றினால் அதில் இன்னொரு 15 சதவீதம். அதாவது 10 டாலருக்கு ஒரு கவசத்தை விற்றால் 9 டாலர் கணக்கில் சேரும், அதை வெளியே எடுத்தால் 7.65 டாலர். உச்ச விலை 250 டாலர்.

காகிதத்தில் பார்த்தால் இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது. பொருள் கைமாறுவதும் பணம் கைமாறுவதும் ஒரே இடத்தில், ஏமாற்ற வழியில்லை. ஆனாலும் இது தோற்றது. டயாப்லோவில் ஆட்டமே அரக்கனைக் கொல்வதும், அது செத்து விழும்போது என்ன கிடைக்கிறது என்று ஆவலோடு பார்ப்பதும்தான். ஏலச் சந்தை வந்தபிறகு, பத்து மணி நேரம் அடித்துக் கிடைப்பதைவிட நல்ல பொருள் நாலு டாலருக்குப் பட்டியலில் கிடந்தது. கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்கும்போதும் ‘இது எனக்குப் பொருந்துமா’ என்று யோசிப்பதை விட்டு ‘இது என்ன விலைக்குப் போகும்’ என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். விளையாட வந்தவன் கடையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் 2013 மேயில் ஒரு கூத்து. ஏலத்தில் ஒரே தடவையில் விற்கக்கூடிய கோல்டின் அளவைப் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தினார்கள். அதில் ஒரு கணக்குப் பிழை புகுந்து, கோல்டை விற்பனைக்குப் போட்டுவிட்டு ரத்து செய்தால் போட்டதைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. சும்மா கேமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே கோல்டுக்கு டாலர் மதிப்பு இருந்ததே! சந்தையை மூடி, கணக்குகளை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்யவேண்டி வந்தது. சந்தை கேமின் அடிப்படையையே குலைக்கிறது என்று அந்த செப்டம்பரில் பிளிஸார்டே ஒப்புக்கொண்டது. 2014 மார்ச் 18 அன்று கடை நிரந்தரமாகச் சாத்தப்பட்டது.

டோக்கன்: ஒருவழிப் பாதை

அதே பிளிஸார்ட் அடுத்த வருடம், 2015 ஏப்ரலில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற தன் சந்தா கேமில் கொண்டுவந்ததைப் பார்த்தால் பட்ட அடியிலிருந்து பாடம் படித்தது தெரிகிறது. பணம் இருக்கிறது, நேரமில்லை என்பவர் 20 டாலர் கொடுத்து ஒரு டோக்கன் வாங்குகிறார். அதைக் கேமுக்குள் கோல்டுக்கு விற்கிறார். நேரம் இருக்கிறது, பணமில்லை என்பவர் அதைக் கோல்டு கொடுத்து வாங்கி, 30 நாள் சந்தாவாக மாற்றிக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் லாபம். கம்பெனிக்கு 15 டாலர் சந்தாவுக்குப் பதில் 20 டாலர்.

இதில் நுணுக்கம் இரண்டு இடத்தில் இருக்கிறது. விலையை விற்பவர் சொல்வதில்லை, கேமே நிர்ணயிக்கிறது. விற்பனைக்குப் போடும்போது திரையில் காட்டிய கோல்டு, நடுவில் விலை விழுந்தாலும், அப்படியே கிடைக்கும். இரண்டாவது, கோல்டு கொடுத்து வாங்கிய டோக்கனை மறுபடி விற்க முடியாது. பதுக்கி வைத்து விலை ஏற்றும் ஆட்டத்துக்கு இடமே இல்லை. 2017-இல் டோக்கனை பிளிஸார்டின் பேட்டில்.நெட் கணக்கில் 15 டாலர் இருப்பாக மாற்றும் வசதியும் வந்தது, ஆனால் அந்தப் பணம் பிளிஸார்ட் கடையைத் தாண்டாது.

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கேம் இதே வேலையைப் பல வருடம் முன்பே, 2008 முதல் பிளெக்ஸ் என்ற டோக்கன் மூலம் செய்துவந்தது. அங்கே குணம் வேறு. பிளெக்ஸ் விலையை வீரர்களே சந்தையில் தீர்மானிக்கிறார்கள், வாங்கலாம், பதுக்கலாம், மறுபடி விற்கலாம். ஒரு காலத்தில் கப்பலில் ஏற்றிக்கொண்டும் போகலாம் என்று ஆக்கினார்கள். கப்பலில் ஏற்றினால் கொள்ளையர் சும்மா விடுவார்களா? 2010-இல் ஒருவர் கெஸ்ட்ரல் என்ற சின்னஞ்சிறு கப்பலில் 74 பிளெக்ஸ் ஏற்றிக்கொண்டு போனார். சுட்டுத் தள்ளினார்கள். சரக்கு சுட்டவர்கள் கையிலும் சிக்காமல் கப்பலோடு எரிந்துபோனது. நிஜ மதிப்பு 1,200 டாலருக்கு மேல். ஈவ் ஆட்கள் இதை இன்னமும் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அந்த ரசனை பிடிக்கும், அந்தச் சந்தையில் என் பணத்தைப் போடத்தான் பயம்.

ரூன்ஸ்கேப்பின் பாண்டு என்ற டோக்கன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கேம் பணத்தில் வாங்கிய பாண்டை மறுபடி விற்கவேண்டுமானால் 10 சதவீதம் கட்டணம் கட்டவேண்டும்.

டோக்கன் முறையின் குறை வெளிப்படையானது. பணத்தை வெளியே எடுக்க முடியாது. கள்ளச் சந்தையையும் அது ஒழித்துவிடவில்லை, அங்கே கோல்டு இன்னும் மலிவுதான். ஆனால் அவசரத்துக்குக் கோல்டு தேவைப்படும் சாதாரண வீரர் இனி திருடனிடம் போகவேண்டிய கட்டாயம் இல்லை.

ஸ்டீம் சந்தை

வால்வ் கம்பெனி தன் கேம் கடையான ஸ்டீமில், வீரர்கள் கேம் பொருளை ஒருவருக்கொருவர் விற்கும் ஸ்டீம் சந்தையை 2012 டிசம்பரில் தொடங்கியது. 2013 ஆகஸ்டில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் கேமின் துப்பாக்கிகளுக்கு ஸ்கின் என்ற அலங்கார மேற்பூச்சு வந்தபிறகுதான் அது உண்மையில் சூடுபிடித்தது. ஸ்கின் போட்டதால் குறி ஒன்றும் கூடுதலாகச் சரியாக விழப்போவதில்லை, துப்பாக்கி அழகாக இருக்கும், அவ்வளவுதான். பணம் கொடுத்தவன் ஜெயிப்பான் என்ற புகாருக்கே இடமில்லாததால் டயாப்லோவுக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை.

கணக்கு இப்படி: விற்பவர் 10 டாலர் எதிர்பார்த்தால் வாங்குபவர் 11.50 தரவேண்டும். ஸ்டீமுக்கு 5 சதவீதம், கேமுக்கு 10 சதவீதம். அந்த 10 டாலரும் ஸ்டீம் வாலட்டில்தான் விழும். அதில் இன்னொரு கேம் வாங்கலாம், வாடகை கட்ட முடியாது. இந்தப் பூட்டுதான் வெளித்தளங்கள் முளைக்கக் காரணம். அங்கே பணமாகவே தருவார்கள், கூடவே எல்லா வில்லங்கமும் வரும். அதிகம் பேர் மாட்டுவது இந்த மாதிரி: போலி உள்நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல் கொடுத்தவரின் ஏபிஐ சாவியை (அவர் கணக்கை வேறு நிரல் இயக்க அனுமதிக்கும் ரகசியக் குறி) திருடி, அவர் அனுப்பிய டிரேடை, அதாவது பொருளைக் கைமாற்றும் கோரிக்கையை, ரத்து செய்துவிட்டு, அதே பெயர், அதே படம் வைத்த வேறு கணக்குக்கு அதே டிரேடைப் போடுவார்கள். கைபேசியில் வரும் உறுதிப்படுத்தலை அவரே தட்டிக் கொடுத்துவிடுவார். 2025-இல் ஏழு நாளுக்குள் டிரேடைத் திரும்பப் பெறும் வசதியை வால்வ் கொடுத்தது. தாமதம்தான், இருந்தாலும் நல்ல காரியம்.

இன்னொரு ஆபத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சரக்கை அச்சடிக்கும் கையே விதியையும் எழுதுகிறது. 2019-இல், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் ஸ்கின் அடங்கிய பெட்டிகளைத் திறக்கும் சாவிகள் மோசடிக் கும்பல்களுக்குப் பணம் மாற்றும் கருவியாகிவிட்டன என்று சொல்லி, புதிதாக வாங்கும் சாவிகளைக் கைமாற்ற முடியாதபடி வால்வ் பூட்டியது. 2025 அக்டோபரில் ஐந்து சிவப்புத் தர (அரிய வகை) ஸ்கின்களைக் கொடுத்து, இன்னும் அரிதான கத்தியோ கையுறையோ பெறலாம் என்று ஒரே ஒரு மாற்றம். ஓரிரு நாளில் கத்திகளின் விலை சரிந்தது, சிவப்பு ஸ்கின்கள் எகிறின. சேமிப்பாக நினைத்துக் கத்தி வாங்கி வைத்தவர்கள் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

இதற்கு மருந்து என்று வந்ததுதான் பிளாக்செயின், அதாவது யாரிடம் எது இருக்கிறது என்பதை ஒரே கம்பெனியின் கையில் விடாமல் பல கணினிகளில் பதியும் பேரேடு: பொருள் உங்களுடையது, கம்பெனி தொட முடியாது என்றார்கள். ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற பிளாக்செயின் கேமில் புதியவர்கள் வரும்வரை சம்பாத்தியம் இருந்தது, வருவது குறைந்ததும் அந்தக் கேமின் நாணயம் தரை தட்டியது. 2022 மார்ச்சில், பணத்தை அந்தக் கேமுக்கு உள்ளேயும் வெளியேயும் மாற்ற உதவும் ரோனின் பாலத்திலிருந்து 60 கோடி டாலருக்கும் மேல் திருடு போனது. ஆறு நாள் கழித்து, ஒரு பயனர் தன் பணத்தை எடுக்க முடியவில்லை என்று புகார் சொன்னபிறகே அது கம்பெனிக்குத் தெரிந்தது. இதைப் பற்றி மேலும் எழுத எனக்கு ஆர்வமில்லை.

என் தேர்வு கேட்டால்: கோல்டு வாங்கவேண்டும் என்றால் டோக்கன், கண்ணை மூடிக்கொண்டு. தேவையில்லாத ஸ்கின்னை விற்று அடுத்த கேம் வாங்க ஸ்டீம் சந்தை போதும். கையில் பணமாகவே வேண்டும் என்பவருக்குப் பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். கட்டாயம் என்றால் இழந்தாலும் தூக்கம் கெடாத தொகைக்கு மட்டும்.

முழு அக்கவுண்டையே வாங்குவதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. முதன்முதலில் பதிவு செய்த மின்னஞ்சலும் பழைய ரசீதும் விற்றவரிடம்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து ‘என் கணக்கைத் திருடிவிட்டார்கள்’ என்று அவர் எழுதினால், கம்பெனி அவரைத்தான் நம்பும்.