வீட்டுக் காக்பிட்டுக்கு எது: யோக்கா, சைடுஸ்டிக்கா?

வீட்டில் சிமுலேட்டரில் பறப்பவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் எக்ஸ்-பிளேனா, மைக்ரோசாஃப்டா என்றுதான் சண்டை வரும். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஒரே கணினியில் அந்த இரண்டு சிமுலேட்டர் மென்பொருள்களையும் போட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கையில் பிடிக்கும் கருவிக்கு அந்த வசதி கிடையாது. மேசையில் ஒன்றுக்குத்தான் இடம், பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் காசு.

சில வருடம் யோக் (விமானிக்கு நேர் முன்னால் இருக்கும், இழுத்தும் தள்ளியும் திருப்பியும் ஓட்டும் கைப்பிடி) வைத்திருந்தேன். பிறகு அதை விற்றுவிட்டு ஏர்பஸ் பாணி சைடுஸ்டிக் (பக்கவாட்டில் இருக்கும் சிறு குச்சி) வாங்கினேன். மறுபடி யோக் வாங்கும் எண்ணம் இல்லை. ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சட்டென்று முடித்துவிடலாம். யோக் விலை அதிகம், கனம் அதிகம். மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு முடுக்க வேண்டும். அப்புறம் கீபோர்டுக்கு இடம் தேட வேண்டும். சைடுஸ்டிக் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். நிஜ ஏர்பஸ் ஏ320 காக்பிட்டிலும் அப்படித்தான்: முன்னால் யோக் இல்லாததால் விமானிக்கு இழுத்து விரிக்கும் ஒரு சிறு மேசை இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டை அதில்தான் வைப்பார்கள். என் மேசையில் அந்த இடம் டீ டம்ளருக்கு. தோற்றத்தில் யோக்தான் கம்பீரம், அதை மறுக்க முடியாது.

என்னை மாற்ற வைத்தது இவற்றில் எதுவுமில்லை. ஸ்பிரிங்தான் காரணம்.

செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். யோக்கிலிருந்து கம்பியும் கப்பியுமாக நேரே வாலில் உள்ள எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் தகடு) இணைப்பு. யோக்கை இழுத்தால் எலிவேட்டர் மேலே போகும். காற்று அதைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளல்தான் கையில் கனமாகத் தெரிகிறது. வேகம் கூடினால் கனமும் கூடும், குறைந்தால் தொளதொளத்துப் போகும். இப்போது டிரிம் சக்கரத்தைச் சுற்றுகிறீர்கள். எலிவேட்டரின் பின்விளிம்பில் இருக்கும் சிறு தகடு திரும்பி, காற்றைக் கொண்டே எலிவேட்டரை அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது. யோக் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கையில் இருந்த கனம் மட்டும் கரைந்துபோகிறது. மட்டத்துக்கு வரும்போது முதலில் மூக்கு, அப்புறம் பவர், கடைசியில் டிரிம் என்று பயிற்றுநர்கள் சொல்லித் தருவது இதை வைத்துத்தான். கனம் போனதும் கையை எடுத்துப் பார், விமானம் அப்படியே நிற்க வேண்டும் என்பார்கள்.

வீட்டு யோக்கில் காற்று இல்லை, ஸ்பிரிங் இருக்கிறது. ஹோட்டல் ஸ்பிரிங் கதவு மாதிரி, எங்கே விட்டாலும் அது திரும்பி வருவது ஒரே இடத்துக்கு. இரண்டு அங்குலம் இழுத்துப் பிடித்துக்கொண்டு டிரிம் செய்தால் கனம் துளியும் குறையாது. அதற்குப் பதிலாக மூக்கு மேலே போகத் தொடங்கும், ஏனென்றால் உங்கள் இழுப்பும் டிரிமும் ஒன்றின்மேல் ஒன்று சேர்கின்றன. டிரிம் ஏற ஏற அதே அளவுக்கு நீங்கள் யோக்கை நடுவை நோக்கி விட்டுக்கொண்டே வர வேண்டும். நிஜத்தில் கை நிற்கிறது, பாரம் போகிறது. வீட்டிலோ பாரத்தைப் போக்கக் கையை நகர்த்த வேண்டியிருக்கிறது.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 172இல் ஒரு தரையிறக்கத்தைச் செய்து பாருங்கள். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) இறக்கியதும் மூக்கு எழும்பும்; முன்னால் தள்ளி, டிரிம் செய்து, 65 நாட் வேகத்தில் பிடிக்க வேண்டும். அடுத்த ஃபிளாப் இறக்கினால் மறுபடி அதே வேலை. ஒவ்வொரு தடவையும் கையின் இடமும் டிரிமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும். யோக்கோடு இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: டிரிம் பட்டனை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி விடுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் கையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். டிரிமுக்கென்று தனிச் சக்கரம் இருந்தால் இன்னும் எளிது.

போயிங் 737க்கு இந்தக் குறை அவ்வளவாகப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் டிரிம் செய்தால் சிறு தகடு திரும்பாது, கிடைவால் முழுவதுமே சாயும். டிரிம் ஏற ஏற விமானி யோக்கைத் தளர்த்தி நடு நிலைக்கு அருகே கொண்டுவந்துவிடுவார். ஆகவே வீட்டு ஸ்பிரிங் யோக், 737இல் பாதி உண்மையாவது பேசும். நம்மில் பலர் யோக் வாங்குவதே செஸ்னாவுக்காகத்தான் என்பதுதான் வேடிக்கை. அது அதிகமாகப் பொய் சொல்வதும் அங்கேதான்.

இப்போது சைடுஸ்டிக். 1987இல் முதன்முதலில் பறந்து, அடுத்த ஆண்டு சேவைக்கு வந்த ஏ320இல் குச்சிக்கும் வாலுக்கும் நடுவே கணினிகள் உட்கார்ந்திருக்கின்றன. காற்றின் கனம் கைக்கு வருவதே இல்லை. நிஜ விமானத்திலும் அங்கே இருப்பது ஸ்பிரிங்தான். குச்சியை இழுத்தால் ‘இவ்வளவு ஜி வேண்டும்’ என்று, அதாவது பாதை இவ்வளவு வேகமாக வளைய வேண்டும் என்று, கணினியிடம் கேட்கிறீர்கள். விட்டுவிட்டால் இருந்த பாதையிலேயே போகும். டிரிம் தானாக நடக்கும். த்ராட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் டிரிம் சக்கரம் யாரும் தொடாமலே சுழல்வதைப் பார்க்கலாம். பக்கவாட்டில் 33 டிகிரி வரை சாய்த்துவிட்டுக் கையை எடுத்தால் அந்தச் சாய்விலேயே நிற்கும். அதைத் தாண்டிச் சாய்த்தால் குச்சியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் 33க்குத் திரும்பிவிடும்.

அதாவது வீட்டு மேசையில் இருக்கும் ஸ்பிரிங் குச்சி எப்படி வேலை செய்கிறதோ, நிஜக் குச்சியும் ஏறக்குறைய அப்படியே வேலை செய்கிறது. இவ்வளவு மலிவாக, இவ்வளவு நிஜமாக வேறு எந்தப் பயணிகள் விமானத்தின் கட்டுப்பாடும் வீட்டுக்கு வருவதில்லை. இறங்கும்போது இது நன்றாகவே தெரியும். ஏ320இல் 50 அடியில் கணினி அப்போதைய மூக்கின் நிலையைக் குறித்துக்கொள்ளும். 30 அடியிலிருந்து மூக்கை மெதுவாகக் கீழே இறக்கத் தொடங்கும், விமானி வழக்கம்போல இழுத்துப் பிடித்து இறங்கட்டும் என்பதற்காகவே. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளை பை வயர் குழுவின் ஏ320நியோவில் அந்த இழுப்பைச் செய்யும்போது, ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுகிற உணர்வே வருவதில்லை.

நம் ஊர்க்காரருக்கு இன்னொரு லாபம். சென்னை, மதுரை, கோவை ஓடுதளங்களில் அதிகம் கண்ணில் படுவது இண்டிகோவின் ஏ320 குடும்பம்தான். உண்மையான பயண அட்டவணையை வைத்துக்கொண்டு பறக்க ஆசைப்படுபவருக்கு விமானம் தேடி அலைய வேண்டியதில்லை. தூத்துக்குடிக்கு ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானத்தில் போக வேண்டும் என்றால் மட்டும் கதை வேறு: அதில் யோக், எலிவேட்டரில் தகட்டு டிரிம், செஸ்னாவின் அண்ணன்.

யோக் பக்கமும் நியாயம் இருக்கிறது. அது முன்னும் பின்னும் நகரும் தூரம் அதிகம். கடைசிச் சில அடிகளில் மில்லிமீட்டர் கணக்கில் அசைக்கும் நிதானம் குட்டிக் குச்சியில் கிடைப்பதில்லை. சைடுஸ்டிக்கை முறுக்கினால் ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடு) அசையும் என்பதும் அரைகுறை ஏற்பாடுதான். ஏர்பஸ்ஸில் திருப்பங்களைக் கணினியே சரிசெய்துகொள்வதால் ரட்டர் ஓடுதளத்தை ஒட்டித்தான் தேவை, அதனால் சமாளிக்கலாம். செஸ்னாவில் முழு பவரில் ஏறும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது ரட்டரைப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டும். மணிக்கட்டை முறுக்கிக்கொண்டே அத்தனை நேரம் இருந்தால் வலிக்கும். யோக் வாங்குபவர் எப்படியும் ரட்டருக்குக் காலால் மிதிக்கும் பெடல் வாங்குவார் என்பதால் இந்தத் தொல்லை அவருக்கு இல்லை. அந்தச் செலவையும் யோக்கின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிஜ உலகில் சைடுஸ்டிக்மேல் ஒரு பெரிய புகார் உண்டு: இரண்டு குச்சிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை, ஒருவர் செய்வது மற்றவர் கண்ணில் எளிதில் படாது. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447க்குப் பிறகு இது அதிகம் பேசப்பட்டது. போயிங் 777இல் கணினி வந்த பிறகும் இரண்டு யோக்குகளும் சேர்ந்தே அசைகின்றன. தனியாக உட்கார்ந்து பறக்கும் நமக்கு இந்த வாதம் படிக்கச் சுவாரசியம், அவ்வளவுதான்.

பராமரிப்பில், கருவியின் பெயரைவிட உள்ளே இருக்கும் சென்சார் முக்கியம். உரசி நகரும் முனையால் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேயும், தூசி ஏறும், நடு நிலையிலேயே அளவு துள்ளும். காந்தத்தால் வேலை செய்யும் ஹால் சென்சாரில் தேய்வதற்கு எதுவுமில்லை. ஹனிகோம்ப் ஆல்ஃபா யோக்கிலும் அதுதான், திரஸ்ட்மாஸ்டரின் ஏர்பஸ் சைடுஸ்டிக்கில் முக்கிய இரண்டு அச்சுகளிலும் அதுதான். என்னிடம் இருந்த யோக்கின் தண்டில் அவ்வப்போது கிரீஸ் தடவாவிட்டால் நடுவில் சிக்கிச் சிக்கி நகரும். குச்சியில் அந்த வேலை இல்லை.

மோட்டார் வைத்து காற்றின் கனத்தையே கைக்குத் தரும் யோக்குகளும் வந்திருக்கின்றன. அவை இந்த ஸ்பிரிங் பிரச்சினையைத் தீர்க்கவே வந்தவை. நான் ஒன்றைக்கூடப் பிடித்துப் பார்த்ததில்லை, ஆகவே அவற்றின் விலைக்கு அவை தகுமா என்று என்னால் சொல்ல முடியாது.

பின்னாளில் பைலட் பயிற்சிக்குப் போகும் எண்ணத்தோடு வாங்குபவர்கள், சேரப்போகும் பள்ளியில் என்ன விமானம் என்று முதலில் கேளுங்கள். செஸ்னா என்றால் யோக். டயமண்ட் டிஏ40 என்றால் இரு தொடைகளுக்கு நடுவே குச்சி. யோக்கில் பழகிய கை அங்கே புதிதாகத்தான் தொடங்க வேண்டும். செஸ்னாவும் ஏடிஆரும்தான் உங்கள் பிரியம் என்றால் யோக்கே வாங்குங்கள். ஆனால் பட்ஜெட் போடும்போதே டிரிம் சக்கரத்துக்கும் பெடலுக்கும் காசு ஒதுக்கிவிடுங்கள். அவை இல்லாத யோக்குக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.