பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம் என்று விற்கிற எலக்ட்ரிக் பைக்: 72,000 ரூபாய் போனது

72,000 ரூபாய். என் மனைவி மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். அந்தப் பணத்துக்கு வாங்கிய எலக்ட்ரிக் பைக் ஓடாமல் எங்கள் வாசலில் நிற்கிறது. விற்றவர் நேற்று சாயங்காலம் என் முகத்துக்கு நேராக, "எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லிக்கிருங்க" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்துப் போனார். ராத்திரி தூக்கம் வரவில்லை. கோபம் ஆறுவதற்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவராவது படித்துவிட்டு அந்த மாதிரிக் கடையிலிருந்து திரும்பி வந்தால் போதும். வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. மதுரையில் மெயின் ரோட்டில், நாலைந்து கம்பெனி எலக்ட்ரிக் வண்டிகளைச் சேர்த்து நிறுத்தி விற்கிற ஷோரூம். அந்த அளவுக்குச் சொன்னால் போதும்.

எனக்கு வீடு திருநகர். வேலை சிம்மக்கல்லில் ஒரு பேப்பர் மண்டியில், கணக்கு எழுதுகிறேன். திருப்பரங்குன்றம், பசுமலை, பைக்காரா, பழங்காநத்தம், பெரியார் வழியாகப் போய் வந்தால் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்தே எலக்ட்ரிக் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு. தினமும் ஒரே ரோடு, குறைந்த தூரம், ராத்திரி வீட்டிலேயே சார்ஜ். இதற்கு எலக்ட்ரிக் வண்டிதான் சரி என்று இப்போதும் சொல்வேன். ஸ்கூட்டர் வேண்டாம், பைக் மாதிரி பெரிய சக்கரம் இருந்தால் நம்ம ரோட்டுப் பள்ளத்துக்குத் தாங்கும் என்று நினைத்தேன். அந்தக் கடையில் அப்படி ஒன்று இருந்தது. பார்க்க நல்ல கியர் பைக் மாதிரியே இருக்கும்.

கடைக்காரர் முதல் நாள் விற்கவே முயற்சி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பிடித்துப் போனது. "அவசரமில்லண்ணே, நாலு கடை பாத்துட்டு வாங்க" என்றார். எங்கே வேலை, எவ்வளவு தூரம், யாரெல்லாம் ஏறுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ஒரு தடவை சார்ஜ் போட்டால் 80 கிலோமீட்டர் ஓடும், உங்களுக்கு மூன்று நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். லித்தியம் பேட்டரி, 60 வோல்ட், 30 ஆம்பியர். பேட்டரிக்கு மூன்று வருஷம் வாரண்டி. "அண்ணே, எங்கம்மாவுக்கு இதே வண்டிதான் வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றார். பெற்ற தாயை வைத்து ஒருவர் பேசும்போது யாருக்குச் சந்தேகம் வரும்?

இரண்டாவது தடவை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மகளுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். மனைவியிடம், "அக்கா, இதுக்கு லைசென்ஸே தேவையில்ல, பதிவும் கிடையாது, இன்சூரன்சும் கிடையாது, நீங்களே கடைக்கு எடுத்துட்டுப் போகலாம். அரசாங்கச் சட்டத்துலயே இருக்கு" என்றார். விலை 82,000, மத்திய அரசு மானியம் 10,000 கழித்து 72,000 என்று எழுதிக் கொடுத்தார். 50,000 ரூபாயைப் போனில் அனுப்பினேன். மீதி 22,000 ரொக்கம் கேட்டார், கொடுத்தேன். நல்ல நேரம் பார்த்து, ஹேண்டில்பாரில் மல்லிகைப்பூவும் சுற்றி, சாவியை மகள் கையில் கொடுத்தார். "குன்றத்துல பூஜையப் போட்டுட்டு நேரா வீட்டுக்குப் போங்கண்ணே. எதுனாலும் ஒரு போன் அடிங்க, நம்ம பாத்துக்கிருவோம்" என்றார். அந்த "நம்ம பாத்துக்கிருவோம்" இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

அவர் சொன்ன சட்டம் பொய்யில்லை, பாதியை மட்டும் சொன்னார். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் அது மோட்டார் வாகனம் ஆகாது. அதற்குத்தான் பதிவும் லைசென்சும் தேவையில்லை. அந்த வண்டிக்கும் அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தின் சான்று இருக்க வேண்டும். எனக்கு விற்றது 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. டெலிவரி அன்று கடைப் பையன் சீட்டுக்குக் கீழே ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, "இப்ப ஸ்பீடு நல்லாப் போகும்ணே" என்றான். வேகக் கட்டுப்பாட்டுக்கு உள்ள ஒயர் அது என்று அவன் சொல்லவில்லை. அதைக் கழற்றிய நிமிஷத்திலேயே அந்த வண்டி பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிட்டது. ரோட்டில் யார் மேலாவது இடித்திருந்தால் நஷ்ட ஈடு முழுவதும் எங்கள் கையிலிருந்துதான் போயிருக்கும். என் மனைவி லைசென்ஸ் இல்லாமல் அதை ஓட்டியிருக்கிறாள், மகளைப் பின்னால் உட்கார வைத்து. வேண்டுமென்றே ஒரு குடும்பத்தை இந்த ஆபத்தில் தள்ளிவிட்டார்கள். பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

கொஞ்ச மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் தூரம் குறைய ஆரம்பித்தது. மூன்று நாள் வந்தது இரண்டு நாள் ஆனது, பிறகு தினமும் சார்ஜ். திருப்பரங்குன்றம் ரயில்வே மேம்பாலத்தில் இரண்டு பேர் ஏறினால் பாதியிலேயே திணறியது. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது பசுமலையில் நின்றே விட்டது. மீட்டரில் பாதி சார்ஜ் காட்டியது, வண்டி நகரவில்லை. வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்த பைக் என்ன கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் போன் செய்தேன். "டெக்னீஷியன் திருச்சி போயிருக்காருண்ணே, வந்ததும் அனுப்புறேன்." வந்தது யாருமில்லை. நேரில் போனேன். என்னை அண்ணே அண்ணே என்று கூப்பிட்டவர் இப்போது "சார்" என்றார். "சார், சார்ஜர நைட் ஃபுல்லா போட்டு விட்டுட்டீங்க, அதான்." ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம், தானாக நின்றுவிடும் என்று சொன்னவரே அவர்தான். அதைச் சொன்னதும் காரணம் மாறியது. மழையில் நனைந்திருக்கும் என்றார். வண்டி போர்டிகோவில்தான் நிற்கிறது என்றேன். அப்படியென்றால் வெயில் என்றார். மதுரையில் வண்டி வாங்கி மதுரை வெயிலில் ஓட்டக் கூடாதா?

வாரண்டி அட்டையை எடுத்து நீட்டினேன். "இது கம்பெனி வாரண்டி சார், நான் டீலர்தான், மெயில் போட்டிருக்கேன்." அந்த மெயிலைக் காட்டச் சொன்னேன், சர்வர் வேலை செய்யவில்லை என்றார். கம்பெனி நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். இந்தி பேசும் ஒருவர் பேட்டரி சீரியல் நம்பர் கேட்டார். அட்டையில் அந்தக் கட்டம் காலி. பேட்டரிப் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் வோல்ட், ஆம்பியர் மட்டும்தான் இருந்தன. திரும்பக் கடைக்காரரிடம் கேட்டால், "நம்பர் குடோன் ரெஜிஸ்டர்ல இருக்கு, பாத்துச் சொல்றேன்." அதற்குப் பிறகு என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. மனைவி போனிலிருந்து கூப்பிட்டால் எடுப்பார், என் குரலைக் கேட்டதும், "கஸ்டமர் இருக்காங்க, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவார். புதுசாக வாங்க வருகிறவர் கஸ்டமர். 72,000 கொடுத்தவன் யார்?

கடைசியில் வில்லாபுரத்தில் பேட்டரி ஆட்டோ வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் தெரிந்தவர் அனுப்பினார். லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பேட்டரிப் பெட்டியை ஒரு கையால் அசைத்துப் பார்த்தார். "தம்பி, இது லித்தியம் இல்லய்யா" என்றார், திறக்கும் முன்பே. போல்ட்டைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐந்து லெட் ஆசிட் பேட்டரி. 12 வோல்ட் வீதம் ஐந்து சேர்ந்து 60 வோல்ட். வெளியே லித்தியம் ஸ்டிக்கர், உள்ளே இது. லித்தியம் என்றால் இதே அளவுக்குப் பெட்டியை ஒரு ஆள் சுலபமாகத் தூக்கலாமாம். ஒவ்வொரு செல்லையும் கவனிக்கிற பி.எம்.எஸ். என்ற சர்க்யூட்டும் உள்ளே இருக்குமாம். இதில் அதெல்லாம் எதுவுமே இல்லை. ஐந்தில் இரண்டு செத்துவிட்டன, மற்றதும் தேறாது என்றார். லெட் ஆசிட் பேட்டரியை அடிவரைக்கும் இறக்கி இறக்கி ஓட்டினால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரமே போய்விடும். "மூணு நாளைக்கு ஒரு தடவ சார்ஜ் போட்டாப் போதும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாரே, அதுவே இந்த பேட்டரியைக் கொன்றிருக்கிறது. பெரியவர் பார்த்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள், திரும்ப அப்படியே மூடிவிடுகிறேன் என்றார். அந்தப் புத்தி எனக்கு அந்த நேரத்தில் வந்திருக்காது, அவ்வளவு ஆத்திரம்.

மானியமும் பொய். 2024 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பதிவு செய்த வண்டிக்குத்தான் மானியம் இருந்தது, லெட் ஆசிட் பேட்டரி வண்டிக்கு இருந்ததே இல்லை. வாங்குகிறவரின் ஆதாரை வைத்து இ-வவுச்சர் என்ற மானியச் சீட்டு எடுத்துத்தான் அது கொடுக்கப்பட்டது. என்னிடம் ஆதாரே கேட்கவில்லை. 82,000 என்று ஒரு பொய் விலையைப் போட்டு, 10,000 குறைத்த மாதிரி காட்டியிருக்கிறார்கள். கையில் கொடுத்ததும் ஜிஎஸ்டி பில் இல்லை, எஸ்டிமேட். ஒரிஜினல் பில் கம்பெனியிலிருந்து தபாலில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

நேற்று போட்டோக்களைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம், "நீங்களே பேட்டரிய மாத்திட்டு வந்து கேக்குறீங்களா?" என்றார். கடையில் வண்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். திருட்டுப் பட்டத்தை என் தலையில் கட்டினார். கை நடுங்கியது. புது பேட்டரி கூட வேண்டாம், வண்டியை எடுத்துக்கொண்டு பாதிப் பணமாவது கொடுங்கள் என்று கேட்டேன். 8,000 ரூபாய் எக்ஸ்சேஞ்ச் தருகிறேன், புது வண்டி எடுங்கள் என்றார். 72,000 ரூபாய் வண்டிக்கு 8,000. சத்தம் போட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த ஷட்டர்.

அந்தத் தம்பதியிடம் வெளியே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் வாங்காமல் போனார்கள்.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு. நிறையச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன், மனு வேறு எழுத வேண்டியிருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற எந்த வண்டியையும் பதிவு இல்லாமல் வாங்காதீர்கள். பச்சைத் தட்டில் வெள்ளை எழுத்து நம்பர், டி.என். 58, 59, 64 எதுவாக இருந்தாலும், ஆர்.சி. உங்கள் பெயரில் வர வேண்டும். சோதனைச் சான்றே இல்லாத மாடலைப் பின்னால் நீங்களாகப் போய்ப் பதிவு செய்துகொள்ள முடியாது. பேட்டரியின் சீரியல் நம்பரும் லித்தியம் என்ற வார்த்தையும் ஜிஎஸ்டி பில்லில் எழுத்தில் இருக்க வேண்டும். பெட்டியைக் கழற்றி உங்கள் கையில் தூக்கிப் பாருங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். ஓட்டிப் பார்ப்பதைச் சமதளத்தில் மட்டும் பார்க்காமல், இரண்டு பேராக ஒரு மேம்பாலத்தில் ஏற்றுங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். நான் போனில் அனுப்பிய 50,000 ரூபாய்க்கு வங்கிக் கணக்கில் சாட்சி இருக்கிறது, 22,000 ரூபாய்க்கு அந்த எஸ்டிமேட் தாள்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே வாரண்டி அட்டையை எடுத்து சீரியல் நம்பர் கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் கடைக்காரர் வார்த்தையை நம்பி நாளைத் தள்ளாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். என் மனு இந்த வாரம் போகிறது. இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரியோடு மதுரையில் வேறு யாராவது இருந்தால், பெட்டியைத் தனியாகத் திறக்காமல், கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு வீடியோ எடுத்தபடி திறந்து பாருங்கள்.