சர்க்குலர் சா வாங்குவோர் கவனத்திற்கு: காட்டியது ஒன்று, கொடுத்தது வேறொன்று

ஏழேகால் அங்குல பிளேடு போடும் சர்க்குலர் சா (வட்டப் பிளேடால் மரம் அறுக்கும் கை மின்ரம்பம்) ஒன்றை அண்மையில் வாங்கி நான் ஏமாற்றப்பட்டேன். விற்பனையாளர் மேசைமேல் வைத்துக் காட்டிய இயந்திரத்தின் அடித்தட்டு கனமான வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. பிளேடை மூடும் கீழ் கார்டை, அதாவது பாதுகாப்பு மூடியை, நெம்பி விட்டபோது அது சட்டென்று தன் இடத்துக்குத் திரும்பியது. பணம் கட்டிய பின் ஒட்டுப் பிரிக்காத பெட்டி ஒன்றைத் தந்தார்கள். அதே நிறம், அதே பெயர். உள்ளே இருந்ததோ மெல்லிய இரும்புத் தகட்டை வளைத்து அடித்தட்டாக்கிய மலிவான இயந்திரம். பெட்டியின் மேல் 1800 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. மோட்டார் உறையில் ஒட்டியிருந்த சிறிய விவரத் தகட்டில் 1200 வாட்தான் இருந்தது.

வாட் குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிளைவுட்டும் சாதாரணப் பலகையும் அறுக்க 1200 வாட் போதும். பொறுத்துக்கொள்ள முடியாதது அந்தக் கீழ் கார்டு. நெம்புகோலை விட்டதும் பாதி தூரம் வந்து, தகடு உரசும் ஓசையோடு நின்றுவிடும். விரலால் தள்ளினால்தான் மீதியும் மூடும். சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு சில நொடிகள் சுற்றிக்கொண்டேயிருக்கும் என்பதால், அந்த நொடிகளில் கார்டு மூடாமல் இருக்குமானால், இயந்திரத்தைக் கீழே வைக்கும்போது பிளேடு தரையைக் கடித்து ஓடும், அல்லது தொடையைத் தொடும்.

அடித்தட்டிலும் கோளாறு இருந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, அந்தப் பல்லை முன்னால் நிறுத்தி அடித்தட்டின் விளிம்பிலிருந்து அளந்தேன். அதே பல்லைப் பின்னால் சுழற்றிக் கொண்டுவந்து மறுபடி அளந்தேன். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வித்தியாசம். இப்படிக் கோணலாக நிற்கும் பிளேடின் பின்புறப் பற்கள் வெட்டின் சுவரில் உரசி மரத்தைக் கருக்குவதோடு, மேற்பரப்பைக் கடித்துவிட்டால் பிளேடு வெட்டிலிருந்து மேலேறி, இயந்திரம் முழுவதுமாக அறுப்பவரை நோக்கிப் பின்னால் பாயும். அந்த வேளையில் உடம்பைக் காப்பது கீழ் கார்டு ஒன்றுதான். இதிலோ அதுவும் மூடாது.

திருப்பிக் கொண்டுபோனபோது, பிளேடு மாட்டியாகிவிட்டது, இனி இது பழைய பொருள் என்று சொல்லி மாற்றித்தர மறுத்தார்கள். பிளேடு பெட்டியிலேயே மாட்டித்தான் வந்தது. அதைவிட என்னைக் கொதிக்கவைத்தது அங்கிருந்த பழுது பார்ப்பவர் சொன்ன வழி: கார்டை ஒரு கம்பியால் மேலே கட்டிவிட்டு ஓட்டுங்கள், எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பட்டறையில் புதிதாக வேலை கற்கும் பிள்ளையின் கையில் அப்படிக் கட்டிய இயந்திரத்தைக் கொடுப்பது பெருங்கொடுமை.

ஆகவே, பணம் கொடுக்கும் முன்பே உங்களுக்குத் தரப்போகும் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். பிளக் செருகாமல் கார்டைப் பலமுறை நெம்பிப் பாருங்கள். வெட்டு ஆழத்தை மிகக் கூட்டியும் மிகக் குறைத்தும், அடித்தட்டை 45 பாகைக்குச் சாய்த்தும் பார்க்க வேண்டும், ஏனெனில் நேராக நிற்கும்போது ஒழுங்காக மூடும் சில கார்டுகள் சாய்த்ததும் சிக்கிக்கொள்ளும். சாய்வைப் பூச்சியத்தில் வைத்து, மூலைமட்டத்தை அடித்தட்டுக்கும் பிளேடுக்கும் இடையே, பல்லில் படாமல் பொருத்தினால் இடைவெளி தெரியக்கூடாது. பிளேடின் மேல் பொறித்திருக்கும் உச்ச வேகம், விவரத் தகட்டிலுள்ள சுமையில்லா வேகத்துக்கு (எதையும் அறுக்காமல் ஓடும்போதுள்ள வேகம்) குறையாமல் இருக்க வேண்டும். இந்த அளவு இயந்திரங்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் ஓடுபவை.

ரசீதில் வெறுமனே 'ரம்பம் 1' என்று எழுத விடாதீர்கள். மாடல் எண், விவரத் தகட்டிலுள்ள வரிசை எண், வாட் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எனக்குக் கொடுத்த ரசீதில் மாடல் எண் இல்லாததைக் காட்டித்தான், மேசைமேல் இருந்தது வேறு இயந்திரம் என்ற என் புகாரை அவர்கள் ஏற்க மறுக்கிறார்கள்.